பட்டணத்துத் தண்ணீர்

2019-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு நாள், நமது எட்டாம் வகுப்பில் நீர்வளத்தைப் பற்றிய பாடம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் வழக்கம்போல் ஒரு கேள்வி போட்டோம்: "சென்னைப் பட்டணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" பூண்டி என்றோ, புழல் என்றோ, ஒன்றும் தெரியாவிட்டால் "மழையிலிருந்து" என்றோ விடை வரும் என்று எதிர்பார்த்தோம். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, கொஞ்சமும் தயங்காமல், "ரயிலிலிருந்து, ஸார்!" என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். ஆனால் "தவறு, உட்கார்" என்று சொல்ல மட்டும் நாவெழவில்லை. அந்த மாதம் 12-ந் தேதிதான் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்திருந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வந்த அந்தக் காவேரித் தண்ணீரை வரவேற்க மந்திரியே நேரில் வந்திருந்தார். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குப் போய், மற்றத் தண்ணீரோடு கலந்து, ஊருக்குள் போயிற்று. பையன் பத்திரிகை படிப்பவன். பாடப் புத்தகம்தான் பின்தங்கிவிட்டது.

அந்த ரயில் கொண்டுவந்தது எவ்வளவு? ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்போது, வெகுவாகக் குறைத்த பிறகும், ஊருக்கு நாளொன்றுக்குக் கொடுத்து வந்தது ஐம்பது கோடி லிட்டர் அளவில். அதாவது இருநூறில் ஒரு பங்கு. நாலு நடை ஓட்டி நாளுக்கு ஒரு கோடி லிட்டர் சேர்த்தாலும், ஐம்பது பேர் பந்தியில் ஒருவருக்கு இலை போட்டது போலத்தான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்திலேயே தரை தெரிய வற்றிவிட்டன. வெடித்த சேற்றின் மேல் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

இதில் நம்மைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் ஒன்று உண்டு. மூன்றரை வருஷத்துக்கு முன்னால், 2015 டிசம்பரில், இதே பட்டணம் தண்ணீருக்குப் பயந்து மொட்டை மாடியில் ஏறி நின்றது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை வீடுகளில் முதல் மாடி வரையில் வெள்ளம். படகு வந்து ஆட்களை மீட்ட தெருக்களிலேயே பிறகு லாரி வந்து தண்ணீர் ஊற்றியது. தண்ணீர் இல்லாத ஊர் என்று இதைச் சொல்லலாமா? வந்த தண்ணீரை வாசலோடு அனுப்பிவிட்டு, பிறகு அதைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போன ஊர் என்றுதான் சொல்ல வேண்டும்.

தூரம் போன கதை

ஆதியில் இப்பட்டணத்தில் அவரவர் வீட்டுக் கிணறும், ஊர்க் குளமும், கோயில் தெப்பக்குளமுமே குடிநீருக்கு ஆதாரம். கோட்டைக்குள் வசித்த கும்பெனியாருக்கு அது போதவில்லை. 1772-ல் காப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்கு வடக்கே கிணறுகள் வெட்டி, அங்கிருந்து கோட்டைக்கு நீர் கொண்டுபோகும் ஏற்பாட்டைத் தொடங்கினார். வடசென்னையில் அந்த இடத்துக்கு இன்றும் ஏழு கிணறு என்றே பெயர். அந்தக் காலத்தில் தண்ணீர், நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருந்தது.

நூறு வருஷம் கழித்து அது எட்டிப் போயிற்று. 1866-ல் பிரேஸர் என்ற இஞ்சினீயர் போட்ட திட்டத்தின்படி, தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்து, சோழவரம் ஏரிக்கும் புழல் ஏரிக்கும் திருப்பி, 1872-ல் திறந்த வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வடிகட்டாத தண்ணீர், மாடு குளித்த தண்ணீரும் அதுதான், மனிதர் குடித்த தண்ணீரும் அதுதான். மாட்லி என்னும் இஞ்சினீயரின் முயற்சியால் 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் இறைக்கும் யந்திரங்களும் அமைந்த பிறகே அந்தக் கவலை தீர்ந்தது. 1961-ல் பட்டணத்து ஜனத்தொகை 6,60,000 ஆக இருக்கும் என்று மதிப்பிட்டு, அதற்குப் போதுமானபடி அந்த நிலையத்தை அமைத்தார்கள். 1961-ல் குடிக்கணக்கு எடுத்தபோது இருந்தவர்கள் பதினேழு லட்சத்துக்கு மேல்! இஞ்சினீயரின் கணக்கில் பிழை இல்லை. ஊர்தான் கணக்குக்கு அடங்கவில்லை.

பூண்டி நீர்த்தேக்கத்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். 1939-ல் ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தி சென்னையின் மேயரானார். அவர் பதவியேற்ற காலத்தில் பட்டணத்தில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். ஐரோப்பாவிலோ யுத்தம் மூண்டுவிட்டது. யுத்தத்தைக் காரணம் காட்டி எதையும் ஒத்திப்போடக்கூடிய சமயம் அது. சட்டசபையில் சர்க்காரை வார்த்தையால் விளாசிய அதே மனிதர், பட்டணத்து ஜனங்களின் குடத்துக்காக அதே சர்க்காரிடம் வாதாடிச் சம்மதம் பெற்றார். 1940-ல் வேலை தொடங்கிற்று. 1942-ல் "வெள்ளையனே வெளியேறு" கிளர்ச்சியில் அவர் சிறை புகுந்தார், உடம்பு உருக்குலைந்தது, 1943 மார்ச்சு மாதம் 28-ந் தேதி சென்னையில் காலமானார். அணை முடிந்தது 1944-ல். தாம் கேட்டு வாங்கிய தண்ணீரை அவர் கண்ணால் பார்க்கவில்லை. இன்று அந்த நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். குழாயைத் திறக்கும்போது அவரை நினைப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

அதற்குப் பிறகு தூரம் தாவித் தாவிப் போயிற்று. 1983-ல் ஆந்திர சர்க்காரோடு ஒப்பந்தம் செய்து கிருஷ்ணா நதி நீரைக் கேட்டோம். ஸ்ரீசைலத்திலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து 1996-ல் முதன்முதலாக அது நமது எல்லைக்கு வந்தது. எல்லையில் கிடைக்க வேண்டியது வருஷத்துக்கு 12 டி.எம்.சி.; பெரும்பாலான வருஷங்களில் அந்த அளவு முழுவதும் வந்ததில்லை. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. இன்றைய சென்னைக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துத் தண்ணீர்.) வடக்கே கிடைத்தது போதாமல் தெற்கே போனோம். சோழர் வெட்டிய வீராணம் ஏரியிலிருந்து 230 கிலோமீட்டர் குழாய் வழியாக 2004-ல் தண்ணீர் வந்தது. முதல் வீராணம் திட்டம் பாதியில் நின்றுபோனபோது சாலையோரத்தில் கிடந்த ராட்சசக் குழாய்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அவற்றுக்குள் குடும்பம் நடத்தியவர்களும் உண்டு. அப்புறம் நிலத்தை விட்டுவிட்டுக் கடலுக்கே போனோம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும், நெம்மேலியிலேயே இரண்டாவதாக 2024-லும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. ஆயிரம் லிட்டர் கடல் நீரின் உப்பை நீக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். உப்பை நீக்கித் தருவதற்குச் சூரிய பகவான் யாருக்கும் பில் அனுப்புவதில்லை. ஆனால் அவர் தரும் தண்ணீரை நாம் வாங்கி வைத்துக்கொள்வதில்லை.

இவற்றில் எதையும் வேண்டாத வேலை என்று நாம் சொல்லவில்லை. வீராணமும் கடல் ஆலைகளும் இல்லாதிருந்தால் 2019-ல் பாதிப் பட்டணம் காலியாகியிருக்கும். நமது வருத்தம் வேறு. கிணறு வீட்டுக்குள் இருந்தவரை அதில் தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது ஒவ்வொரு நாளும் கயிற்றைப் பிடித்த கைக்குத் தெரிந்தது. கிருஷ்ணா நதி ஏறியதா, இறங்கியதா என்று எந்தக் கைக்குத் தெரியும்?

கொஞ்சம் கணக்கு

உபாத்தியாயர் எழுதும் கட்டுரை கணக்கில்லாமல் தீராது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்னையில் வருஷத்துக்குப் பெய்யும் மழை சராசரி 1,400 மில்லிமீட்டர். எப்போது பார்த்தாலும் குடையும் கையுமாக ஜனங்கள் நடமாடுவதாக நாம் கதைகளில் படிக்கும் லண்டன் நகரத்தில் 600 மில்லிமீட்டர்தான். அங்கே வருஷம் முழுவதும் தூறுகிறது. இங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதுதான் வித்தியாசம்.

2011-ல் எல்லையை விஸ்தரித்த பிறகு சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். இதன் மேல் ஒரு வருஷத்தில் விழும் மழையைப் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 21 டி.எம்.சி. வரும். நான்கு ஏரிகளும் கரை ததும்ப நின்றாலும் அவற்றின் கொள்ளளவு 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல்தான். அதாவது, நாலு ஏரிகளில் பிடிப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நம் தலைமேலேயே விழுகிறது. இவ்வளவையும் பிடிக்க முடியாது என்பது உண்மை. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மரங்கள் குடிக்கும், தெருவில் விழுந்தது அழுக்கோடு கலந்து போகும். நாலில் ஒரு பங்கு பிடித்தாலும் ஐந்து மாதத்துத் தண்ணீர்!

இதையே ஒரு வீட்டளவில் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் வருஷத்துக்கு 1,30,000 லிட்டர் மழை விழும். சேதாரம் தள்ளி ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்குத் தலைக்கு 135 லிட்டர் வீதம் வருஷத்துக்கு வேண்டியது ஏறக்குறைய இரண்டு லட்சம். பாதி வருஷத்துத் தண்ணீர் வீட்டுக் கூரையிலேயே இருக்கிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் லாரிகள் எட்டு வரிசையாக வந்து மொட்டை மாடியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முற்காலத்தில் இந்த மழையைப் பிடித்து வைத்தவை ஊருக்குள்ளேயே இருந்த ஏரிகள். இப்போது அவற்றைத் தெருப் பெயர்களில்தான் தேட வேண்டும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது; வியூ இருக்கிறது, லேக் இல்லை. எழும்பூரில் ஸ்பர் டாங்க் ரோடு. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்டு ரோடு. பண்டு என்பது ஏரிக்கரை என்று அந்தத் தெருவில் வசிக்கும் ஒருவருக்கு நாம் சொன்னபோது, "அப்படியா! ஏதோ வெள்ளைக்காரன் பெயர் என்றல்லவா நினைத்தோம்!" என்றார். 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பியதுதான் தியாகராய நகர். கீழ்ப்பாக்கத்து நிலையத்தை அமைத்த மாட்லியின் பெயரால் அங்கே ஒரு சாலை உண்டு. பெருமழை பெய்தால் மாட்லி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். 2021 நவம்பரில் தியாகராய நகரத் தெருக்களில் நாள் கணக்கில் வெள்ளம் வடியாமல் நின்றதும் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஏரி போய்விட்டது, பள்ளம் போகவில்லை.

நம் வீட்டுக் குழி

இனி, சொல்லக் கூச்சமான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

2003-ம் வருஷம் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீரைச் சேகரித்து நிலத்துக்குள் இறக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு மட்டும் அல்ல, இருக்கும் வீடுகளுக்கும்தான். தேதி குறித்து உத்தரவு போட்டதும் ஊரெங்கும் ஒரே அமர்க்களம். கொத்தனார்களும் குழாய்க்காரர்களும் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். மேற்கு மாம்பலத்தில் உள்ள நம் வீட்டிலும் நமது தகப்பனார் முன்னின்று அந்த வேலையைச் செய்வித்தார். மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் மூன்றடிச் சதுரமும் ஐந்தடி ஆழமுமாக ஒரு குழி. அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே ஆற்று மணல். குழி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கிணற்றுக்குப் போக ஒரு கிளைக் குழாய். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி கடைசியில் அவர் தாமே மொட்டை மாடியைப் பெருக்கி, குழியின் மேல் மணலை வாரி அலசிப் போடுவார். நாம் அப்போது பட்டம் பெற்று வந்த புதுசு. அந்த மண் வேலையை வேடிக்கை பார்த்ததோடு சரி.

அடுத்த சில வருஷங்களில் நல்ல மழை பெய்தது. பட்டணத்தில் பல இடங்களிலும் கிணறுகளின் நீர்மட்டம் ஏறிற்று. உப்புக் கரித்த தண்ணீரும் ருசி மாறிற்று. அதைக் கண்டவுடன் நம் ஜனங்கள் செய்த முதற்காரியம் குழியை மறந்ததுதான். நாமும் அந்த ஜனங்களில் சேர்த்திதான். தகப்பனார் காலமானார். 2011-ல் வீட்டுக்கு வர்ணம் அடித்தோம். அதற்குப் பிறகு குழி இருந்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினோம்.

2019 சித்திரையில் கிணறு வற்றிற்று. லாரிக்குச் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். லாரி வந்தால் இரவு இரண்டு மணிக்கு வரும், இல்லாவிட்டால் வராது. அந்த லாரித் தண்ணீரும் ஆகாயத்திலிருந்து வரவில்லை. பட்டணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் விவசாயக் கிணறுகளில் இறைத்தது. எந்தக் குடியானவனின் நாற்றுக்கு உரியதோ, அதில் நாம் வேட்டி துவைத்தோம். ஒரு நாள் இரவு, குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கையில் நமது இல்லத்தரசி, "லாரிக்காக விழித்த ராத்திரிகளைக் கூட்டினால் பத்துக் கிணறு தூர் வாரியிருக்கலாம்" என்றாள். மறுநாளே கிணறு வெட்டும் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தோம்.

அவர் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. முதலில் மாடியைப் பார்த்தார். குழாயோடு கண்ணை இறக்கிக்கொண்டே வந்து, "குழி எங்கேங்க ஐயா?" என்று கேட்டார். ஸ்கூட்டரை நகர்த்தினோம். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"மாடியிலேருந்து வர்ற கொழாயை யாரோ தெருப் பக்கம் திருப்பி வெச்சிருக்காங்க பாருங்க, ஐயா. சுண்ணாம்பு அடிச்சவன் வேலையா இருக்கும். இத்தினி வருசமா ஒங்க மழையெல்லாம் ரோட்டுலதான் போயிருக்குது."

வர்ணம் அடித்தவர்கள் ஈரச் சுவரில் வேலை செய்ய முடியாமல் குழாயைத் திருப்பியிருக்கிறார்கள். மறுபடி சேர்ப்பது அவர்கள் பொறுப்பு என்று நாம் இருந்தோம். நம் பொறுப்பு என்று அவர்கள் இருந்திருப்பார்கள். எட்டு வருஷம், வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர். 2015 டிசம்பரில் நம் தெருவில் முழங்கால் அளவு நின்ற வெள்ளத்தைப் பார்த்து, கார்ப்பரேஷனைப் பற்றி நாம் திண்ணையில் நின்று பேசிய பேச்செல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அந்த வெள்ளத்தில் நம் வீட்டுத் தண்ணீரும் இருந்தது.

குழியைத் தோண்டியபோது மேல் மணல் களிம்பு போல் இறுகிக் கிடந்தது. செங்கல்லையும் ஜல்லியையும் வெளியே எடுத்து அலசி, மணலை மாற்றி, குழாயை நேராக்கி, கிளைக் குழாயின் வாயில் வலை கட்டி, கிணற்றைத் தூர் வாரி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. செலவு இரண்டு லாரித் தண்ணீருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. குழாயின் அடியில் ஒரு மூடியும் வைத்தோம். முதல் மழையில் மாடியின் தூசியும் காக்கை எச்சமும் வரும். அதைத் திறந்து வெளியே விட்டுவிட்டு, மூடிய பிறகு வருவதைத்தான் உள்ளே இறக்க வேண்டும். இதைப் பெரியவர்தான் சொல்லிக் கொடுத்தார். எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிக் குழி உதவாது என்றும் சொன்னார். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பக்கத்து மணலில் சிறு குழியே தண்ணீரைக் குடித்துவிடும். களிமண் பூமியில் குழிக்குள் துளை போட்டு மணல் அடுக்கு வரையில் இறக்காவிட்டால் தண்ணீர் தேங்கிக் கொசுவுக்குத்தான் உபயோகப்படும்.

முடிச்சுக் கயிறு

பள்ளி திறந்ததும் "ரயிலிலிருந்து" என்ற பையனையும் சேர்த்துப் பன்னிரண்டு மாணவ மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம். எல்லார் வீட்டிலும் கிணறு உண்டு. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, ஞாயிறுதோறும் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆடியில் பெரும்பாலான நோட்டுகளில் "வறட்சி" என்ற ஒரே வார்த்தைதான். நம் வீட்டுக் கிணற்றில் முப்பத்திரண்டு அடியில் கல் தரை தட்டிற்று. ஐப்பசி மழைக்குப் பிறகு நம் கயிறு இருபத்தாறு அடியில் நனைந்தது. கார்த்திகை கடைசியில் பத்தொன்பது அடி.

நமது கெட்டிக்காரத்தனத்தை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஆனால் பையன்களின் நோட்டு அந்தப் பெருமையைக் கொஞ்சம் பதம் பார்த்தது. நம் தெருவிலேயே ஒரு சொட்டு மழைகூடச் சேகரிக்காத ஒரு வீட்டிலும் கிணறு இருபது அடிக்கு ஏறியிருந்தது! பூமிக்குள் போன தண்ணீர் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நிற்பதில்லை. நாம் இறக்கியது அவர்களுக்கும் போயிற்று. இதற்கு நேர்மாறான சங்கதியும் இருந்தது. ஒரு மாணவியின் வீட்டில் குழியும் குழாயும் சாஸ்திரப்படி இருந்தன. அவள் தாத்தா அவ்வளவு சிரத்தையாக வைத்திருந்தார். அவர்கள் கிணறோ முப்பதடியைத் தாண்டி ஏறவேயில்லை. பக்கத்தில் நாற்பது குடித்தனங்கள் உள்ள அடுக்கு மாளிகை. பாறை வரையில் ஆழ்துளைக் கிணறு இறக்கி இரவும் பகலும் மோட்டார் ஓடுகிறது. மாடித் தண்ணீரெல்லாம் சாக்கடைக்கு. "நாங்க சேர்க்கறோம், அவங்க எடுத்துக்கறாங்க, ஸார்" என்றாள் அந்தப் பெண். கண்ணில் நீர் தளும்பிற்று. அவளுக்கு என்ன சமாதானம் சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் தனி ஒருவன் நல்லவனாக இருந்தால் போதாது என்பதை நாம் அன்றுதான் உணர்ந்தோம். தண்ணீரை வீட்டுச் சொத்தாக நினைத்தால் அந்தப் பெண்ணின் அழுகைதான் மிஞ்சும். தெருச் சொத்தாக நினைத்தால்தான் கணக்குச் சரிப்படும். சட்டம் போட்டவர்களும் இதை எண்ணித்தான் வீடு தவறாமல் குழி வேண்டும் என்றார்கள். போட்ட சட்டத்தை வருஷா வருஷம் வந்து பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாமல் போனதுதான் குறை. கட்டிடப் பிளானில் குழி இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. குழிக்குத் தண்ணீர் போகிறதா என்று மழையில் நனைந்துகொண்டு பார்ப்பவர் யார்?

பிள்ளைகள் வேறு வழி செய்தார்கள். பன்னிரண்டு நோட்டுகளின் கணக்கையும் ஒரே காகிதத்தில் படமாக வரைந்து, அடுக்கு மாளிகைச் சங்கத்தின் காரியதரிசிக்குக் கடிதம் எழுதினார்கள். கோபமாக எழுத வேண்டாம் என்று மட்டும் நாம் சொன்னோம். அவர் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்ததாகவும், "எங்கள் லாரிச் செலவையும் இதில் போட்டிருக்கலாமே!" என்றதாகவும் கேள்வி. அடுத்த புரட்டாசிக்குள் அங்கே நாலு குழாய்களைத் திருப்பி, இரண்டு உறைக்கிணறுகள் இறக்கினார்கள். அது 2020-ம் வருஷம். கொரோனாவினால் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் அந்தப் பெண் கயிற்றை இறக்கி, நோட்டைப் படம் பிடித்து டெலிபோனில் நமக்கு அனுப்பி வந்தாள். 2021 தை மாதத்தில் அவள் அனுப்பிய எண் இருபத்து நாலு. எண்ணுக்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் எழுதவில்லை. மூன்று ஆச்சரியக் குறிகள் மட்டும் போட்டிருந்தாள்.

மழையைப் பிடிப்பதைப் பற்றியே பேசி, பிடித்ததைச் செலவழிப்பதைப் பற்றிப் பேசாவிட்டால் வீட்டிலுள்ளவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். அந்த இலாகா அவர்களுடையது. குடிநீர் சுத்தம் செய்யும் யந்திரம் ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்து வெளியே தள்ளுகிறது. நம் வீட்டில் அதன் குழாய் ஒரு வாளிக்குள் இறங்குகிறது, பாத்திரம் துலக்குவது அந்த வாளியில்தான். அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கு. குளியலறைத் தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும். நம் பாட்டிமார் இதையெல்லாம் ஒரு பெயரும் வைக்காமல் செய்து வந்தார்கள். பெரிய அளவிலும் இதே காரியம் நடக்கிறது. மணலியில் உள்ள தொழிற்சாலைகள் 1990-களிலிருந்தே பட்டணத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து உபயோகித்து வருகின்றன. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் கழிவு நீரைத் தெளிய வைத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. இரண்டும் சேர்ந்து ஒன்பது கோடி லிட்டர். ஜோலார்பேட்டை ரயில் முப்பத்தாறு நடை ஓடினால்தான் அவ்வளவு தண்ணீர் கிடைக்கும்.

அந்தப் பன்னிரண்டு பேரும் இப்போது நம் பள்ளியில் இல்லை. நோட்டுப் புத்தகங்களைப் புதிய எட்டாம் வகுப்பு வாங்கிக்கொண்டிருக்கிறது. சில கிணறுகளை மூடி அதன்மேல் கார் நிறுத்தும் இடம் கட்டிவிட்டார்கள், ஆகையால் இந்த வருஷம் ஒன்பது நோட்டுகள்தான். தகப்பனாரைப் போலவே நாமும் புரட்டாசி கடைசியில் மாடியைப் பெருக்கி, மணலை அலசிப் போடுகிறோம். எதிர் வீட்டு நண்பர் பல வருஷமாக அதை வேடிக்கை பார்த்துவிட்டு, சென்ற மாதம் தம் வீட்டுக் குழாயையும் பார்க்க வேண்டும் என்று நம் ஏணியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். ஏணி இன்னும் திரும்பி வரவில்லை. மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது; நாம் கேட்கப் போவதில்லை.